அரைச் சார்ஜ்

தாளில் தமிழ் இல்லை.
ஒரு பக்கம் சீனம், மறுபக்கம் இங்கிலீசு,
நடுவில் படம்: செருகு, பொறு, கழற்று.
படம் எனக்கு விளங்கியது.
'பொறு' எவ்வளவு நேரம் என்பதுதான்
விளங்கவில்லை.
முதல் நாள் ஐந்து மணித்தியாலம் விட்டு
அடுப்பில் பால் வைத்து மறந்தவள் மாதிரி
ஓடிவந்து தொட்டால்
பிடி சுட்டது.

தலவாக்கலை டவுனில்
போன் கவர் விற்கிற பையன்
கண்ணாடிப் பெட்டிக்குள் கைவிட்டு
"தோள் நோவுக்கு அக்கா, நல்ல சாமான்" என்றான்.
என் முகத்தைப் பார்க்கவே இல்லை.
நல்ல பிள்ளை.
மூன்று ஞாயிறு கைக்காசுக்குக் கொழுந்தெடுத்த பணம்.
தோளுக்கென்று வாங்கினேன்.
தோளுக்கும்தான்.

எங்கள் காம்பராவில் பிளக் ஒன்றே ஒன்று.
மகனின் போன், ரைஸ் குக்கர்,
மழை நாளில் நாத்தனாரின் அயன் பெட்டி.
எல்லாம் முடிந்தபிறகு என் முறை.
தூங்கப்போகும்போது செருகினால்
விடியும்வரை கிடக்கும்.
கிடந்து கிடந்து பற்றரி வீங்கும்.
ஆகவே நாலு மணி.
தேத்தண்ணிக்கு உலை வைத்து
வயரைச் செருகி
சீலையால் மூடினேன்.
மூடக்கூடாதாம். மூச்சு முட்டுமாம்,
சூடு வெளியேறக் காற்று வேண்டுமாம்.
ஒளிக்கவும் வேண்டும், காற்றும் வேண்டும்.
அந்தப் படத்தை வரைந்தவன்
லயத்தில் குடியிருந்ததில்லை.
கடைசியில் மா டின்னுக்குப் பின்னால்
நாலு விரல் இடம் விட்டு நிறுத்தினேன்.

சிவப்பு மினுங்கும்.
மினுங்கி மினுங்கிப் பச்சையில் நிற்கும்.
பச்சை வந்தால் கழற்ற வேண்டும்.
இடி விழுந்தாலும் கழற்ற வேண்டும்,
மேல் கணக்கில் ஒரு டீவி
புகைந்தது தெரியும்தானே.
கழுவினால் துளை காய வேண்டும்.
இந்த மலையில் எது காய்கிறது?
மூன்று நாளாய்ப் பள்ளிக்கூடச் சட்டை
கயிற்றில் அழுதுகொண்டிருக்கிறது.
ஊதி ஊதி, பஞ்சால் ஒற்றி,
தை மாதக் குளிரில்
இடுப்பு மடிப்புக்குள் பத்து நிமிடம் வைத்து,
உடம்புச் சூடு ஏறியபிறகுதான்
கரண்ட் கொடுப்பேன்.
கீழே அணையில் எங்கள் ஆறு விழுந்து
பெரிய கரண்டாய்க் கொழும்புக்குப் போகிறது.
எங்களுக்கு வருவது
பல்பு கண் சிமிட்டுகிற அளவு.
எனக்கு அது காணும்.

ஏழாம் நம்பர் மலை.
பக்கத்து நிரையில் மரியபுஸ்பம்,
பக்கத்துக் காம்பராக்காரி.
இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர்
கூரையைத் தொடாது.
கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள்:
"நாலு மணிக்கு ஒங்கூட்டுத் தகரத்துல
பச்சையா ஒரு வெளிச்சம்."

கூடைக் கயிறு
நெற்றியில் இறுகியது.
"போன்" என்றேன்.
"ம்" என்றாள்.
இரண்டு பிடி கொழுந்தைத்
தோளுக்கு மேலால் வீசிவிட்டு
மலையைப் பார்த்தபடியே:
"சும்மா வைக்கிறப்ப முழுசா ஏத்தி வைக்காத.
ஒட்ட எறக்கியும் வைக்காத.
பாதி போதும்.
என்னோடது அப்பிடித்தான் செத்துச்சு."

கங்காணி சத்தம் போட்டார்,
எங்கள் நிரை பின்தங்கிவிட்டதென்று.
அன்றைக்கு எனக்குப் பதினாறு கிலோ,
அவளுக்குப் பத்தொன்பது.
அதைப் பற்றி வேறு எதுவும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து
பாண் சுற்றிய தாளில்
ஒரு வயர் கொண்டுவந்தாள்.
"ஒங்க வயரு பிய்ஞ்சா ஒதவும்."
செருகிப் பார்த்தோம்.
அவளுடையது தடித்த ஊசி,
என்னுடையது சின்னத் துளை.
கதவைச் சாத்திவிட்டு
வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு
சிரித்தோம்,
மகன் வெளியிலிருந்து
"என்னம்மா?" என்று கேட்கும்வரை.

பொருந்தாத அந்த வயரை
அவள் திருப்பிக் கொண்டுபோகவில்லை.
தகரப் பெட்டியில்,
பாதி ஏற்றியதன் பக்கத்தில்
சுருட்டி வைத்திருக்கிறேன்.